மை காய்ந்த பேனை

மர்ஹூமான எனது மூத்தவாப்பா ஓர் ஆசிரியர். அவருடைய மேசை லாச்சியில் பல வருடங்களாகக் கிடந்த மைப்பேனையை சென்ற வருடம் மூத்தம்மா என்னிடம் தந்தார். இங்கிலாந்தில் செய்யப்பட்ட 'கொன்வே ஸ்டுவர்ட்' பேனை அது. கருஞ்சிவப்பு நிறம், உள்ளே பளிங்கு போலக் கோடுகள் ஓடும். மூடியைக் கழற்றினால் நிப் முழுவதும் காய்ந்த மை.

மூடிக்குள்ளும் மை படிந்திருந்ததால், அதை ஒரு கோப்பைத் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறப் போட்டேன். காலையில் மூடி வீங்கி மிருதுவாகியிருந்தது. காய்ந்த பிறகோ அதன் மேனியெங்கும் மயிரிழை போன்ற வெடிப்புகள். "இதென்ன மகள் செஞ்சு வெச்சிரிக்காய்?" என்று உம்மா கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. பேனையின் உடலை மறுநாள் ஊறப் போடுவதாக இருந்தேன். அது தப்பியது.

பழைய பேனைகளைத் திருத்தும் பொழுதுபோக்கு இந்தத் தவறிலிருந்துதான் எனக்குத் தொடங்கியது. பேனை எதனால் ஆனது என்று அறியாமல் அதில் கைவைக்கக் கூடாது என்பதே முதற்பாடம். மூத்தவாப்பாவின் பேனை கேசீன் எனப்படும் பொருளால் ஆனது. பாலில் உள்ள புரதத்தைப் பிரித்தெடுத்து இறுக்கிச் செய்யும் ஒருவகைப் பிளாஸ்டிக் அது. அழகான நிறங்களை ஏற்கும்; ஆனால் தண்ணீரை உறிஞ்சி உப்பிவிடும். வேறு பழைய பேனைகள் எபனைட்டால் ஆனவை. இறப்பருடன் கந்தகம் சேர்த்துக் கடினமாக்கினால் கிடைப்பது எபனைட். அதுவும் வெளிச்சத்தாலும் தண்ணீராலும் கறுப்பு மாறிப் பழுப்பாகிவிடும். செலுலொயிட் பேனைகளோ நெருப்பருகே கொண்டு செல்லவே கூடாதவை; சட்டெனப் பற்றிக்கொள்ளும். எது எதுவெனக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. பெருவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள். எபனைட்டில் கந்தக வாடை வரும். செலுலொயிட்டில் கற்பூர வாசனை வரும்.

மைக்கூட்டில் தோய்க்கத் தேவையில்லாத எழுதுகோல் வேண்டும் என்ற ஆசை மிகப் பழையது. 10ஆம் நூற்றாண்டில் பாத்திமிய கலீபா அல்முஇஸ், மையைத் தன்னுள்ளே வைத்திருந்து, தலைகீழாகப் பிடித்தாலும் சிந்தாத ஒரு பேனையைச் செய்விக்க விரும்பியதை, அவருடைய நீதிபதி அல்நுஃமான் தமது நூலில் எழுதியுள்ளார். நமக்குப் பழக்கமான பேனையின் கதை, அமெரிக்கரான லூயிஸ் வாட்டர்மன் 1884இல் பெற்ற காப்புரிமையுடன் சூடு பிடிக்கிறது. நிப்பின் அடியில் உள்ள நாக்குப் போன்ற பகுதியில் மெல்லிய வாய்க்கால்கள் உண்டு. அவற்றின் வழியே மை சிறுகச் சிறுக நிப்புக்கு வர, வந்த அளவுக்குக் காற்று உள்ளே போகும். காற்று போகாவிட்டால் மை நின்றுவிடும். அளவுமீறிப் போனால் மை கொட்டிவிடும். பழைய பேனைகள் எழுத மறுப்பதற்குப் பெரும்பாலும் இந்த வாய்க்கால்களில் காய்ந்த மையே காரணம்.

இனி மைப்பை. மூத்தவாப்பாவின் பேனையின் பக்கவாட்டில் ஒரு சிறிய நெம்புகோல் உண்டு. அதைத் தூக்கினால் உள்ளே ஓர் உலோகத் தகடு இறப்பர் பையை அழுத்தும்; காற்று வெளியேறும். விட்டதும் பை விரிந்து மையை உறிஞ்சும். காலப்போக்கில் இந்த இறப்பர் கல்லாகிவிடும். நான் நிப் பகுதியை உடலிலிருந்து பிரித்தபோது பை அப்பளம் போல நொறுங்கி விழுந்தது. பிரிப்பதற்கும் பொறுமை வேண்டும். தலைமுடி உலர்த்தும் கருவியால் இலேசாகச் சூடுகாட்டி, இறப்பர்த் துண்டால் பிடித்து, மெல்ல மெல்லத் திருக வேண்டும். அசையாவிட்டால் மீண்டும் சூடு. பலத்தைக் காட்டினால் உடல் பிளந்துவிடும். எனக்கு மூன்று மாலைகள் எடுத்தன.

1876இல் ஹெனரத்கொட பூங்காவுக்கு இறப்பர்க் கன்றுகள் வந்திறங்கிய நாடு நமது நாடு. ஆனாலும் நான் தேடிய கடைகளில் ஒரு சின்ன மைப்பை கிடைக்கவில்லை, வெளிநாட்டிலிருந்துதான் வந்தது. அதை அளவாக வெட்டி, நிப் பகுதியின் பின்முனையில் அவலரக்கு பூசிப் பொருத்தினேன். உடனே ஒட்டும் பசையைக் கொண்டு ஒட்டியிருந்தால் வேலை ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அடுத்த முறை பை பழுதானால் பேனையை உடைத்துத்தான் எடுக்க வேண்டிவரும். அரக்கு சூட்டில் இளகிவிடும். எனக்குப் பின்னால் இதைத் திறக்கப்போகிறவரையும் நினைத்துக்கொள்ள வேண்டும் அல்லவா? பையின்மேல் வாசனை சேராத டல்க் தூளைத் தடவி ஓரிரவு உலரவிட்டேன்.

மெருகூட்டுவதில் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. உடலில் பதிந்துள்ள எழுத்துக்கள் தேய்ந்து போனால் திரும்பி வராது. சிலர் பழைய பேனையைக் கடையில் நேற்று வாங்கியதுபோல் பளபளக்கச் செய்கிறார்கள். பிறகு அதற்கும் புதிய பேனைக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்குவதில்லை.

முதன்முதலாகத் தொடங்குபவர்கள் என் வழியில் போக வேண்டாம். உங்கள் வீட்டு அலுமாரிகளில் 'பாக்கர் 51' ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். 1941இல் சந்தைக்கு வந்த பேனை அது. நிப்பின் நுனி மட்டுமே வெளியே தெரியும். 1948 முதல் வந்தவற்றில் மைப்பை இறப்பரால் ஆனதல்ல. பல பேனைகளில் அது இன்றும் நெகிழ்வாகவே இருக்கிறது. சாதாரணத் தண்ணீரை மீண்டும் மீண்டும் உள்ளிழுத்து வெளியேற்றினாலே பெரும்பாலும் எழுதத் தொடங்கிவிடும். சுடுதண்ணீர் மட்டும் வேண்டாம்.

மூத்தவாப்பாவின் பேனை எழுதியது. ஆனால் என் கையில் கடதாசியைக் கீறிக்கொண்டு, விட்டுவிட்டு எழுதியது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நிப்பைப் பார்த்தேன். பொன் நிப்பின் நுனியில் வைக்கப்படும் கடின உலோகமும்கூட, ஒருவர் பல வருடங்கள் எழுதினால் அவர் பிடிக்கும் சாய்வுக்கேற்பத் தேயும். இந்த நுனி இடப்பக்கமாகத் தட்டையாகியிருந்தது. நுண்ணிய உரைதாளில் சிறிது தேய்த்தால் என் பிடிக்கு ஏற்றதாக ஆக்கிவிடலாம். உரைதாளும் என்னிடம் இருந்தது. தேய்க்க மனம் வரவில்லை, மேசைமேல் வைத்துவிட்டேன்.

இரவு உம்மா கடைச் சாமான்களுக்குப் பட்டியல் எழுத அதை எடுத்தார். கையை இடப்பக்கம் சாய்த்து எழுதினார். அரிசி, பருப்பு, சவர்க்காரம் என்று மை தடங்கலின்றி ஓடியது. உம்மாவுக்கு எழுதப் பழக்கியவர் மூத்தவாப்பா.