வெளிச்சம் பட்டதும் சுற்றிய காற்றாடி

“அக்கா, வெளிச்சம் பட்டாத்தான் காத்தாடி சுத்தணும். வெள்ளிக்கிழமை வகுப்புல காட்டணும்.”

தொடக்கநிலை 5ல் படிக்கும் என் தம்பி இதைச் சொன்னது புதன்கிழமை இரவு. தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் படித்துத் தேறியவள் நான். அரை மணி நேர வேலை என்று நினைத்தேன்.

மறுநாள் விரிவுரை முடிந்ததும் சிம் லிம் டவருக்குச் சென்றேன். சிறிய மோட்டார், நான்கு ஏஏ மின்கலங்கள், ‘எல்டிஆர்’ எனப்படும் ஒளி உணர் மின்தடை, இன்னும் சில உதிரிப் பாகங்கள். எல்லாம் சேர்த்து பத்து வெள்ளிக்கும் குறைவுதான்.

எல்டிஆரின் குணம் எளிது. இருட்டில் அதன் மின்தடை மிக அதிகம். வெளிச்சம் பட்டால் குறைந்துவிடும். எனவே மின்கலம், எல்டிஆர், மோட்டார் மூன்றையும் வரிசையாக இணைத்து மேசை விளக்கைப் போட்டேன். காற்றாடி அசையவே இல்லை.

“உனக்குத் தெரியாதா அக்கா?” என்றான் தம்பி. சுருக்கென்றது.

மீட்டரை எடுத்து அளந்தேன். விளக்கொளியிலும் எல்டிஆரின் மின்தடை ஏறக்குறைய 1,000 ஓம். 6 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 6 மில்லி ஆம்பியர். மோட்டாருக்கோ நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டும். தேர்வில் எத்தனையோ முறை எழுதிய ஓம் விதிதான்! இணைப்பதற்கு முன் அதைப் போட்டுப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

இங்குதான் டிரான்சிஸ்டர் தேவைப்படுகிறது. தம்பிக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன், விழித்தான். வீட்டில் பேசும் தமிழுக்கு மாறினேன். “குழாயைத் திருக எவ்வளவு பலம் வேணும்? கொஞ்சம்தானே? ஆனா தண்ணி நிறைய வருது. எல்டிஆர் குழாயைத் திருகுற கை. டிரான்சிஸ்டர்தான் குழாய்.”

கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, “அப்போ மோட்டாருக்குப் போற தண்ணி வேற, கைக்கு வேண்டிய பலம் வேற. அதானே?” என்றார். அதேதான்!

பிசி337 டிரான்சிஸ்டரின் எமிட்டரை மின்கலத்தின் எதிர்முனையிலும், மோட்டாரை நேர்முனைக்கும் கலெக்டருக்கும் இடையிலும் பொருத்தினேன். நேர்முனையிலிருந்து எல்டிஆரும் 330 ஓம் மின்தடையும் வழியாக பேஸுக்கு ஓர் இணைப்பு. பேஸுக்கும் எதிர்முனைக்கும் இடையே 10,000 ஓம் மின்தடை. மோட்டாரை நிறுத்தும்போது அதன் கம்பிச்சுருளிலிருந்து பாயும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கெடுக்காமலிருக்க, மோட்டாருக்குக் குறுக்கே ஒரு டையோடு. அதன் கோடு போட்ட முனை நேர்முனைப் பக்கம் இருக்கவேண்டும்.

விளக்கைப் போட்டதும் காற்றாடி சுற்றியது. ஆனால் மங்கலான வெளிச்சத்தில் தயங்கித் தயங்கிச் சுற்றியது, டிரான்சிஸ்டரும் சூடானது. குழாய் பாதி மட்டும் திறந்திருந்தது! 10,000 ஓம் மின்தடையை எடுத்துவிட்டு, அதே அளவிலான மாறு மின்தடையை வைத்தேன். அதைத் திருகிக் குறைத்தால், கூடுதல் வெளிச்சம் இருந்தால்தான் மோட்டார் ஓடும். தம்பியையே திருகிப் பார்க்கச் சொன்னேன்.

நல்லவேளை, சொன்னேன். வெள்ளிக்கிழமை வகுப்பறை வெளிச்சத்திலேயே காற்றாடி சுற்றத் தொடங்கிவிட்டதாம். தம்பி பதறவில்லை. மாறு மின்தடையைத் திருகி நிறுத்திவிட்டு, கைவிளக்கை அடித்துச் சுற்றவைத்திருக்கிறான்.

“டீச்சர் எப்படின்னு கேட்டாங்க. குழாய் கதையச் சொன்னேன்” என்றான்.

மதிப்பெண்ணுக்காகப் படித்த பாடம் எனக்கு உண்மையில் புரிந்தது அந்த வியாழன் இரவில்தான். உங்கள் வீட்டிலும் ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால், இந்த விடுமுறையில் சேர்ந்து செய்து பாருங்கள். கேள்விகளை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்!