யார் கொடுத்த காசு?

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். தேர்தல் அறிவித்ததும் கேரள எல்லையில் வாளையாரிலும் குமுளியிலும் பறக்கும் படை வந்துவிடும். ஏலக்காய் விற்ற காசோடு கம்பத்துக்கு இறங்கும் வியாபாரியிடம் 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் கணக்குக் காட்டியாக வேண்டும். ரசீது இல்லையென்றால் பணம் அங்கேயே நின்றுவிடும்; மீட்க அலைய வேண்டியது அவர் பாடு.

இப்படிக் கணக்குக் கேட்ட அதே காலத்தில் கட்சிக்குக் கோடிகளைக் கொடுத்தவர் யாரென்று உங்களுக்கும் எனக்கும் தெரியாமல் இருந்தது. 2018இல் வந்த தேர்தல் பத்திரம் அப்படித்தான் இருந்தது. ஸ்டேட் வங்கியில் வாங்க முடிந்தது, ஒரு பத்திரம் ஒரு கோடி வரை. வாங்கியவர் பெயர் அதில் இருக்கவில்லை. ஆனால் புறஊதா விளக்கில் மட்டும் தெரியும் ரகசிய எண் இருந்தது. வாக்காளருக்குத்தான் இருட்டு, அரசு வங்கியிடம் கணக்கு இருந்தது. அதற்கு முன், மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் ஒரு கம்பெனி நன்கொடை தர முடியாமல் இருந்தது. 2017இல் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். நஷ்டத்தில் ஓடும் கம்பெனியும் கொடுக்கலாம் என்றானது. அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்கிறீர்களா? அதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் திட்டத்தையே ரத்து செய்தது. மார்ச்சில் வெளியான, பத்திரம் வாங்கியவர்கள் பட்டியலில் முதலிடம் கோவை லாட்டரி அதிபர் சாந்தியாகோ மார்ட்டினின் ஃபியூச்சர் கேமிங்குக்கு: 1,368 கோடி. பாலக்காட்டில் தெரியாத பெயரா அது? சிக்கிம் லாட்டரியைக் கேரளாவில் விற்றதில் முறைகேடு என்று வழக்கு, அமலாக்கத் துறை விசாரணை. அது நடக்கும்போதே பத்திரங்களும் வாங்கப்பட்டன. திமுகவுக்கு மட்டும் 509 கோடி போனது, திரிணமூலுக்கும் பெருந்தொகை. எல்லாப் பத்திரங்களையும் சேர்த்தால் அதிகம் பெற்ற கட்சி பாஜக. பத்திரத்தில் நன்கொடை பெற மறுத்து வழக்குப் போட்ட மார்க்சிஸ்ட் கட்சியைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அவர்களுடைய தேசாபிமானி நாளிதழும் ஒரு காலத்தில் மார்ட்டினிடம் இரண்டு கோடி வாங்கி, எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் திருப்பிக் கொடுத்தது.

பணம் கொடுத்த எல்லோரும் லஞ்சம் கொடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நன்கொடை போன தேதியையும் டெண்டர், லைசென்ஸ், ரெய்டு நடந்த தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஜனங்களுக்கு வழி வேண்டும். அது இல்லாமல் எது நன்கொடை, எது லஞ்சம் என்று எப்படிப் பிரிப்பது?

பத்திரம் போனதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. வேட்பாளர் செலவுக்கு வரம்பு உண்டு. கட்சியின் செலவுக்கு இன்றுவரை வரம்பே கிடையாது.