பெயரும் எண்ணும்: நேட்டால் ஒப்பந்தக் கூலி மூதாதையரைக் குடும்ப ஆவணங்கள்வழி அடையாளம் காணல்

ஆய்வுச்சுருக்கம்

நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரைப் பெரும்பாலும் பெயரைக் கொண்டே தேடுகின்றனர். ஆவணங்களில் மிகுதியும் திரிந்த கூறு அப்பெயரே என்பதையும், குடும்பத்தாரிடம் எஞ்சிய தாள்களில் காணப்படும் குடியேற்ற எண்ணே ஒருவரைக் கப்பல் பட்டியலோடு உறுதியாக இணைக்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நேட்டால், ஒப்பந்தக் கூலி, கப்பல் பட்டியல், குடியேற்ற எண், குடும்ப ஆவணம்

முன்னுரை

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் அவ்வாண்டு நவம்பர் 16 அன்று டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911இல் ஒப்பந்த முறை நிறுத்தப்படும்வரை ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் இருப்புப்பாதைப் பணிக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். இவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தின் வழியே சென்றோராவர். இவர்களுள் பெரும்பாலோர் நாட்குறிப்போ கடிதமோ விட்டுச்செல்லவில்லை. ஒரு திருமணச் சான்று, ஓர் இறப்பறிவிப்பு, மங்கிய நிழற்படம், வாய்வழியாக வழங்கிவரும் ஓர் ஊர்ப்பெயர் ஆகியனவே கொள்ளுப்பேரர்களின் கைக்கு எட்டியுள்ளன.

பெயர் திரிந்த வழி

பட்டியல் எழுதிய எழுத்தர் தம் செவியில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் பதிந்தார். முனுசாமி, முனிசாமி, முன்சாமி என்னும் மூன்று பதிவுகளும் ஒருவரையே சுட்டலாம். வெவ்வேறு மூவரையும் சுட்டலாம். இதனினும் பெருஞ்சிக்கல், தமிழரின் பெயரிடு முறைக்கும் குடியேற்ற அரசின் பதிவு முறைக்கும் இடையிலான முரணால் எழுந்தது. பெருமாள் மகன் முனுசாமி என ஒருவர் பட்டியலில் இருப்பதாகக் கொள்வோம். அவர் மகன் கோவிந்தன் பதிவேட்டில் ‘கோவிந்தன் முனுசாமி’ ஆகிறார். தமிழ் வழக்கின்படி கோவிந்தனின் பிள்ளைகளுக்குக் ‘கோவிந்தன்’ என்பதே தந்தை பெயராதல் வேண்டும். நேட்டாலிலோ ‘முனுசாமி’ குடும்பப் பெயராக உறைந்துவிடுகிறது. இதனை உணராத வழித்தோன்றல், முனுசாமியைக் கப்பலேறியவரின் தந்தையாகக் கருதி, பட்டியலின் தந்தை பெயர்ப் பத்தியில் தேடுவார். ஒரு தலைமுறை பிசகிவிடும். மற்றொரு மகன் பாட்டன் பெயரால் ‘பெருமாள்’ எனப் பதிவாகியிருப்பின் உடன்பிறந்தோர் இருவர் இரு குடும்பப் பெயர்களைத் தாங்கி நிற்பர்.

பட்டப்பெயர்களும் நம்பத்தக்கன அல்ல. கவுண்டர் என்பது ‘கோவெண்டர்’ எனவும், முதலி என்பது ‘மூட்லி’ எனவும் அங்கு வழங்குகின்றன. இவற்றுட் சில, குடியேறிய பின்னர் ஏற்கப்பட்டவை. ஆதலின் இவற்றைக் கொண்டு சாதியை நிறுவுதல் பொருந்தாது. பட்டியலின் சாதிப் பத்தியும் அவ்வளவு தெளிவானதன்று. தொடக்ககாலப் பட்டியல்களில் அப்பத்தியில் ‘மலபார்’, ‘ஜென்டூ’ என்னும் சொற்கள் காணப்படுகின்றன. அக்கால ஐரோப்பியர் வழக்கில் முன்னது தமிழரையும் பின்னது தெலுங்கரையும் குறித்தது. ‘மலபார்’ என்பதைக் கண்டவுடன் கேரளத்தில் ஊர் தேட முற்படுவது எளிதில் நேரக்கூடிய பிழையாகும்.

எண்ணும் அதன் பயணமும்

குடியேறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. கப்பல் பட்டியலில் அவ்வெண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடல் அடையாளம் ஆகியன இடம்பெற்றன. பணியமர்த்தியவரின் பெயரும் பிற்காலக் குறிப்புகளும் சிலவிடத்துச் சேர்க்கப்பட்டுள்ளன. பெயரின் எழுத்துகள் அலுவலகந்தோறும் மாறின, எண் மாறவில்லை. திருமணப் பதிவு, முறையீடு, இறப்பறிவிப்பு என ஒருவரைப் பற்றிய பிற தாள்களிலும் அவ்வெண் தொடர்ந்தது. நேட்டாலிற் பிறந்த பிள்ளைகளின் ஆவணங்களிலும் பெற்றோரின் எண் குறிக்கப்பட்டமையால், பாட்டியின் திருமணச் சான்று ஒன்று கிடைப்பினும் பூட்டனின் கப்பலை அறிய இயலும். சுரேந்திர பாணா, ஜாய் பிரெயின் ஆகிய வரலாற்றறிஞர்கள் இப்பட்டியல்களைக் கணினிப்படுத்தியமையால் எண்ணைக் கொண்டு தேடுதல் இன்று எளிதாயிற்று.

எண் கிடைத்த பின்னரே பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்திலுள்ள குடியேறியோர் பாதுகாவலரின் கோப்புகளை அணுகுதல் தகும். அடி, கூலி மறுப்பு, இடமாற்றம் பற்றிய முறையீடுகள் அங்கு உள்ளன. 1894இல் முன்பற்கள் உடைந்து குருதி வழியக் காந்தியடிகளிடம் வந்த பாலசுந்தரம் என்னும் தமிழர், காந்தியடிகளின் தன்வரலாற்றால் உலகறிந்தவரானார். அத்தகைய எழுத்தாளர் ஒருவரைச் சந்திக்காத கூலிகளின் துயரத்திற்கு இக்கோப்புகளே சான்று. பெயரொப்புமை ஒன்றையே நம்பிக் கோப்பைத் திறப்பவர், பிறிதொருவர் பட்ட அடியையும் சிறைவாசத்தையும் தம் முன்னோருக்கு உரியதாக்கிவிடுவார். அப்பிழை குடும்ப வரலாறாக அச்சேறியபின் திருத்துதல் அரிது.

எண் இல்லாவிடத்துப் பிற தாள்கள் காலத்தையேனும் வரையறுக்கும். ஒப்பந்தம் முடிந்தபின் நாடு திரும்பாதும் மறு ஒப்பந்தம் செய்யாதும் தங்கியோர்மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 3 பவுன் வரி விதித்தது. 1914இல் நீக்கப்பட்ட இவ்வரி, சட்டத்திற்குப் பின் ஒப்பந்தம் செய்தோரையே கட்டுப்படுத்தியது. ஆதலின் வரிச்சீட்டு ஒன்று குடும்பப் பெட்டியிற் கிடைப்பின், அதற்குரியவரை 1860களின் பட்டியல்களில் தேடிக் காலங்கழிக்க வேண்டுவதில்லை.

ஊரும் அண்டை எண்களும்

ஊர்ப்பெயரைக் காட்டிலும் வட்டத்தின் பெயரே உறுதியான பிடிப்பாகும். புதூர்களும் நல்லூர்களும் தமிழகமெங்கும் உள. மாவட்டப் பெயரை அக்கால எல்லையில் வைத்தே பொருள்கொள்ள வேண்டும். சித்தூர் 1911வரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. ‘வட ஆர்க்காடு’ எனப் பதிவான ஊர் இன்று ஆந்திரத்திலும் இருக்கக்கூடும். வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகளில் மட்டும் தேடிக் கிடைக்கவில்லை எனக் கைவிடுதல் முறையன்று.

ஒரே குடும்பத்தார் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களைப் பெற்றனர். எனவே ஓர் எண்ணைக் கண்டவுடன் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளைப் படித்தல் இன்றியமையாதது. பெண்களைப் பொறுத்தவரை இதுவே பலகாலும் எஞ்சும் ஒரே வழி. குடும்பத்தார் ‘ஆயா’ என்று மட்டுமே நினைவுகூரும் ஒருத்தி, கணவனின் எண்ணுக்கு அடுத்த வரியில் தன் பெயரோடும் தன் தந்தையின் பெயரோடும் பதிவாகியிருக்கலாம். அவள் ஊர் கணவனின் ஊரினின்று வேறுபடுமாயின், அக்குடும்பம் தேட வேண்டிய ஊர்கள் இரண்டாகும்.