மூங்கிலுக்குள் தேரை

கல்லுக்குள் தேரை இருக்கிறதோ இல்லையோ, மூங்கிலுக்குள் இருக்கிறது. களக்காடு முண்டந்துறை மலைக்காட்டில் புதராக அடர்ந்து வளரும் ஓக்லாண்ட்ரா என்ற மெல்லிய மூங்கில்தான் அதன் வீடு. பளிச்சென்ற பச்சை உடம்பு, சாம்பல் நீலத் தொடை, பொன் திட்டுகள் கொண்ட கறுப்புக் கண். உடல் நீளம் கட்டைவிரலின் மேல்கணு அளவுதான்.

ராவோர்கெஸ்டிஸ் கலாசோடிஸ் என்பது அறிவியல் பெயர். முன்பாதி, இந்தியத் தவளைகளை ஆராய்ந்த சி. ஆர். நாராயண் ராவின் நினைவாக 2010இல் வந்தது. பின்பாதி பழையது: 1876இல் விலங்கியலாளர் குந்தர் இத்தவளையை முதன்முதலாக விவரித்தபோது இட்டது. அதன் பிறகு நூறாண்டுக்கும் மேல் யார் கண்ணிலும் படவில்லை. மீண்டும் கிடைத்த செய்தி 2011இல்தான் வெளியானது. பகலெல்லாம் மூங்கில் கணுவிடைக்குள் அடைந்து கிடக்கும் பிராணியை எங்கே போய்த் தேடுவது?

அந்தக் கணுவிடையைத் துளைக்க இதற்கு வலுவில்லை. பூச்சியோ எலியோ போட்டுவைத்த ஓட்டை வேண்டும். அந்த இடுக்கு சில மில்லிமீட்டர்தான். உடம்பை நசுக்கிக்கொண்டு நுழைகிறது. பெண் உள்ளே போய்ச் சில முட்டைகளை மட்டும் இட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறது. காவல் முழுக்க ஆணுடையது. குளம் குட்டை தேவையில்லை, தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. கால் முளைத்த குட்டித் தவளையாகவே முட்டையிலிருந்து வெளிவருகிறது. இந்த வாழ்க்கைமுறையை ஆய்வாளர் கே. எஸ். சேஷாத்ரியும் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்டார்கள்.

சுவர் வைத்த வீட்டுக்குக் காவல் எதற்கு? ஆய்வாளர்கள் தந்தைகளை அப்புறப்படுத்திப் பார்த்தபோது விடை கிடைத்தது. முட்டைகளைத் தின்ன வந்தவற்றில் முக்கியமானவை பாம்புகளல்ல, அதே இனத்து ஆண்கள்! ஓட்டை விழுந்த மூங்கிலுக்கு அவ்வளவு தட்டுப்பாடு. பிறர் முட்டையை விழுங்கினால் பசியும் ஆறும், வீடும் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. காவலிருக்கும் ஆண் குரலெழுப்பி அயலானை விரட்டுகிறது. ஆனால் அதற்கும் பசிக்குமே. மாலையில் இரை தேடக் கொஞ்ச நேரம் வெளியே போய்த்தான் ஆகவேண்டும். திரும்பும் வரை வாசல் திறந்தே கிடக்கிறது.