தராசு இல்லாத வெளி

இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் பெருவீதியில் பிரயாணம் செய்வோர், இறப்பர்த் தோட்டங்களின் இருண்ட நிழலையும் தேயிலை மலைகளின் பசுமையையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து பெலிகுல்ஓயாவை அணுகும்போது, நிலத்தின் சுபாவமே மாறிவிடுவதைக் காண்பர். வடக்கே ஹோர்ட்டன் சமவெளியைத் தாங்கி நிற்கும் செங்குத்தான மலைச்சுவர். தெற்கே மானாப்புல் போர்த்த, மரம் அருகிய குன்றுகள். மழை மிகுந்த மலைநாடு முடிந்து வறண்ட தாழ்நாடு தொடங்கும் அந்த எல்லையிலே, வளவை கங்கையும் பெலிகுல் ஓயாவும் கூடுமிடத்தில் மறித்துத் தேக்கப்பட்ட விசாலமான நீர்ப்பரப்புத்தான் சமனலவெவ.

சப்ரகமுவ மாகாணத்தில் வெளிப்புற விநோதங்களுக்குக் குறைவில்லை. கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலையில் களனி கங்கையின் நுரைத்த பிரவாகத்தில் இறப்பர்ப் படகு விடுவோர் உண்டு. 1972இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்ட உடவளவையில் யானைக் கூட்டங்களைக் கண்டு களிப்போர் உண்டு. ஆயினும், விடுமுறை நாட்களில் கூடாரத்தையும் சோற்றுப் பானையையும் சுமந்துகொண்டு கொழும்பிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் வருகின்ற இளைஞர்களை அண்மைக் காலத்தில் பெரிதும் கவர்ந்துள்ள ஸ்தலங்களுள் ஒன்று சமனலவெவக் கரையே. நீர் இறங்குங்காலத்தில் வெளிப்படும் செம்மண் சரிவுகளும், மூழ்கி மாண்ட மரங்களின் வெண்ணிறத் தலைகளும், நாற்புறமும் அரண்போல் எழும் மலைகளும் அவர்களுக்கு வேறொரு தேசத்தில் இருப்பது போன்ற பிரமையை ஊட்டுகின்றன.

அப்படி ஒரு தேசம் உண்டு. அமெரிக்காவின் மேற்குப் பாலைநிலத்தில், கொலராடோ நதி செம்பாறைகளை அறுத்து உண்டாக்கிய கிளென் கேன்யன் என்னும் பள்ளத்தாக்கிற்குக் குறுக்கே அணை எழுப்பி, 1963இல் நீரைத் தேக்கத் தொடங்கினார்கள். பவல் ஏரி எனப் பெயர்பெற்ற அந்நீர்நிலை நிரம்புவதற்கு 1980 வரை சென்றது. நிரம்பியபோது அதன் நீளம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். மின்சாரத்துக்கும் நீர்ப் பங்கீட்டுக்கும் என்று கட்டப்பட்ட அணை, படகு வீடுகளுக்கும் கூடாரங்களுக்கும் உரிய உல்லாசக் களமாகவும் ஆயிற்று. இந்நூற்றாண்டின் நீண்ட வறட்சியில் ஏரி சுருங்கச் சுருங்க, பாறைச் சுவர்களில் பழைய நீர்மட்டம் வெண்பட்டையாகத் துலங்கிற்று. கரைக்கு வரும் விருந்தினரின் மகிழ்ச்சி, கணக்கர் ஒதுக்கிய நீரின் மிச்சத்தில் பிறப்பது என்பதை அந்தப் பட்டையைப் பார்க்கும் எவரும் அறிந்துகொள்ளலாம்.

சமனலவெவயின் சரித்திரமும் அத்தகையதே. ஏறத்தாழ 100 மீட்டர் உயரமுள்ள அதன் கல்லணை 1992இல் நிறைவெய்தியது. அங்கிருந்து சுரங்கவழியே செல்லும் நீர் 120 மெகாவாட் மின்சாரத்தைப் பிறப்பிக்க வல்லது. ஆனால் சுண்ணக்கற்பாறை விரவிய அம்மலையின் வயிறு அவ்வளவு உறுதியானதன்று. நீர் தேங்கத் தொடங்கிய அவ்வாண்டிலேயே வலப்புறக் கரையைத் துளைத்துக்கொண்டு ஒரு பெருங்கசிவு வெளிப்பட்டது. 1998இல் தெப்பங்களிலிருந்து களிமண்ணைக் கொட்டி அடைக்க முயன்றும் அது முற்றாக அடங்கவில்லை. ஓடிப்போகும் அந்த நீரும் வீண்போகவில்லை. கீழே கல்தோட்டை வயல்களுக்கு அது பாய்கிறது. 2023 ஆகஸ்டில் வறட்சி வாட்டியபோது, உடவளவைப் பிரதேசத்து விவசாயிகள் கருகும் பயிருக்குச் சமனலவெவ நீரைத் திறக்குமாறு கிளர்ந்தனர்; திறந்தால் தென்பகுதியில் மின்தடை நேரும் என்று மின்சார சபை வாதித்தது; இறுதியில் அமைச்சரவை நீரைத் திறக்கத் தீர்மானித்தது. வயலுக்கும் விளக்குக்கும் இடையே இவ்வாறு வழக்கு நடக்கும் நீரிலேதான் நாம் உல்லாசமாகப் படகோட்டுகிறோம்.

நீருக்கு முன்பே இங்கு காற்று வேலை வாங்கப்பட்டது. அணைக்கட்டுக்கு முன்னோடியாக நிகழ்ந்த தொல்லியல் ஆய்வில், ஜில் ஜூலெஃப் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர், மேற்கு நோக்கிய குன்றுச் சரிவுகளில் விநோதமான இரும்புருக்கு உலைகளின் எச்சங்களைக் கண்டார். துருத்தி ஊதும் வேலை அங்கே ஆளுக்கு இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று உலையின் முன்சுவர் மேலாக வீசும் வேகமே நெருப்பை வளர்த்தது. 1994இல் அதேபோன்ற உலையை அமைத்து, அதே காற்றில் இரும்பை உருக்கிக் காட்டினார். 1996இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் அதனைப் பிரசுரித்தார். கி.பி. முதல் ஆயிரத்தாண்டில் உயர்தர எஃகை உலகுக்கு அளித்த கைத்தொழில் அது.

ஆகவே ஜூன் முதல் செப்டெம்பர் வரை இக்கரையில் கூடாரம் அடிக்க எண்ணுவோர், இரும்பை உருக்கிய காற்றோடு மல்லுக்கு நிற்கத் துணிகின்றனர் என்றே கூறவேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள மழை குறைந்த மாதங்களே சௌகரியமானவை. ஆனால் அப்போது மானாப்புல் காய்ந்து கிடப்பதால், அணைக்காமல் விட்ட ஓர் அடுப்புக் கங்கு குன்று முழுவதையும் எரித்துவிடும். கரைச் சரிவில் சேறு வழுக்கும். நீருக்கடியில் மரக்கட்டைகள் மறைந்திருக்கும். ஆகையால் மிதவை அங்கியின்றிப் படகேறுதலும் குடித்துவிட்டு நீராடுதலும் விபரீதத்தை வலிய அழைப்பதாகும். பெலிகுல் ஓயாவில் குளிப்போர், மேலே சமவெளியில் பெய்யும் மழை கீழே வெயிலடிக்கும் வேளையிலும் திடீர் வெள்ளமாய் இறங்கும் என்பதை மறத்தலாகாது.

இனி, இக்கரைக்கு மிக அருகில் வாழ்ந்தும் இங்கு விருந்தினராக வராதவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலாங்கொடையைச் சூழ்ந்த தோட்டங்களிலே லயத்தில் வாழும் நம்மவருக்கு வெட்டவெளி புதிதன்று. விடியலில் ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, படங்கை இடுப்பில் கட்டி, அட்டைக்கடியோடும் அடைமழையோடும் மலையேறுகின்ற ஒரு தாய், மழையில் நனைவதற்கும் தரையில் படுப்பதற்கும் பட்டணத்தார் காசு கொடுக்கிறார்களா என்று வியந்து கேட்டால், அக்கேள்வியில் நியாயம் உண்டு. அவளுக்கு வெளி இல்லாமற் போகவில்லை. தராசு இல்லாத வெளிதான் இல்லாமற் போயிற்று. எடுத்த கொழுந்தை யாரும் நிறுக்காத, வெட்டிய இறப்பர்ப் பாலை யாரும் அளக்காத ஒரு பொழுதைத் திறந்த வானத்தின் கீழ்க் கழித்தலே உண்மையான ஓய்வு. கதிர்காமத்துக்கும் சிவனொளிபாத மலைக்கும் யாத்திரை செல்கையில் வழியோரத்திலே கல் கூட்டிச் சமைத்து, மரத்தடியில் உறங்கி எழும் நம் மக்கள் அந்த இன்பத்தை அறியாதவர் அல்லர். பக்தியின் பெயரால் மட்டுமே அதனைத் தங்களுக்கு அனுமதித்துக்கொண்டவர்கள்.

எஃகுக்காகக் காற்றையும், மின்சாரத்துக்காக நீரையும், தேயிலைக்காக மனிதரையும் நூற்றாண்டுகளாக வேலை வாங்கிய இம்மலைகளிலே, அளக்கப்படாத பொழுதுக்கு முதல் உரிமையுடையோர் அதிகமாக அளக்கப்பட்டவர்களே. இதற்குப் பெரும் திட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. 1912இல் மாத்தளையில் முளைத்த சாரணர் இயக்கம், பாசறையும் ஒரு பள்ளிக்கூடமே என்பதை இந்நாட்டில் எப்போதோ நிரூபித்துவிட்டது. தோட்டப் பாடசாலை அதிபர்களும், தொழிற்சங்கக் கிளைகளும், கோவில் பரிபாலன சபைகளும் சேர்ந்து, ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பஸ்ஸையும் சில கூடாரங்களையும் மிதவை அங்கிகளையும் ஏற்பாடு செய்தால் போதும். பிள்ளைகள் பகலில் அணையையும் மாலையில் மேற்குச் சரிவுகளையும் காணட்டும்; தங்கள் ஊர்க் காற்றே ஒருகாலத்தில் எஃகு சமைத்ததை ஆசிரியர் வாயிலாகக் கேட்கட்டும். தாய்மாரும் உடன் வரட்டும். அன்றைய சமையலை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அந்த நாளுக்குரிய சம்பளத்தையும் தோட்ட நிர்வாகம் பிடிக்காமல் கொடுக்குமாயின், ஓய்வும் உழைப்பின் கூலியில் ஒரு பங்கே என்ற தர்மம் சப்ரகமுவ மலைகளில் கணக்குப் புத்தகத்தில் ஏறும்.