2147483647: எதுக்கும் உதவாத எண்ணா?

இன்னைக்கு ஒரே ஒரு எண்ணைப் பத்திதான் பேசப் போறேன். 2147483647. நம்ம கணக்குல 214 கோடி சொச்சம்.

கோடிங் பண்றவங்களுக்கு இது பழகின முகம். 32 பிட் இன்டிஜர்ல வைக்க முடியுற பெரிய எண் இதுதான். ஆனா கம்ப்யூட்டர் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே கணிதக்காரங்களுக்கு இது தெரியும். 31 ரெண்டுகளைப் பெருக்கி, ஒண்ணைக் கழிச்சா வர்ற எண் இது. அதோட, இது ஒரு பகா எண். இந்த வகைக்கு மெர்சென் பகா எண்கள்னு பேர்.

பகா எண்தான்னு எப்படி நிரூபிக்கிறது? இதோட வர்க்கமூலம் 46,340 சொச்சம். அதுவரைக்கும் இருக்குற எந்தப் பகா எண்ணாலயும் இது வகுபடலைன்னு காட்டணும். அப்படி 4,792 எண்கள் இருக்கு. கையால வகுத்தா எவ்வளவு நாள் ஆகும்னு யோசிங்க. 1772ல ஆய்லர் இதை முடிச்சார். அப்போ அவர் பீட்டர்ஸ்பர்க்ல, கிட்டத்தட்ட பார்வையே இல்லாம இருந்தார். இந்த எண்ணுக்கு ஒரு பகா வகுத்தி இருந்தா, அதை 248ஆல வகுக்கும்போது மீதி 1 இல்லன்னா 63தான் வரணும்னு அவர் காட்டினார். அந்த ஒரு வடிகட்டல்ல மிஞ்சினது எண்பது சொச்சம் எண்கள்தான். அதுல ஒண்ணுகூட இதை மீதியில்லாம வகுக்கல.

1811ல பீட்டர் பார்லோங்கிற ஆங்கிலேயர், இந்தப் பகா எண்ணை வச்சு கிடைக்கிற நிறைவெண்ணைவிடப் (perfect number) பெரிய நிறைவெண்ணை இனிமே யாரும் தேடவே மாட்டாங்கன்னு எழுதினார். அவர் சொன்ன காரணம்: இதெல்லாம் சும்மா ஒரு ஆர்வத்துக்குத்தான், பயன் எதுவும் இல்லை. 1876லயே லூகாஸ் 39 இலக்கத்துல ஒரு மெர்சென் பகா எண்ணைக் காட்டிட்டார். 2024ல கிடைச்சதுக்கு 4 கோடிக்கு மேல இலக்கங்கள்.

சரி, பயன்? இன்டிஜர் எல்லையா இருக்குறதுக்கும் பகா எண்ணா இருக்குறதுக்கும் சம்பந்தமே இல்லை. 16 பிட்டோட எல்லை 32767. அது ஏழால வகுபடும். பகாத்தன்மை நிஜமாவே வேலைக்கு ஆகுறது வேற இடத்துல: ரேண்டம் எண்கள்.

சின்னதா பார்ப்போம். 1ல ஆரம்பிச்சு மூணால பெருக்கிட்டே போங்க. ஒவ்வொரு தடவையும் ஏழால வகுத்து மீதியை மட்டும் வச்சுக்கோங்க. 1, 3, 2, 6, 4, 5. ஆறு எண்ணும் வந்த பிறகுதான் திரும்ப 1. இதையே எட்டால வகுத்துப் பாருங்க: 1, 3, 1, 3. படுத்துடுச்சு. வகுக்குற எண் பகா எண்ணா இருந்து, பெருக்குற எண்ணையும் சரியா தேர்ந்தெடுத்தா மட்டும்தான் ஒண்ணுகூட விடாம முழுச் சுத்து கிடைக்கும்.

ஏழுக்குப் பதிலா நம்ம 2147483647. மூணுக்குப் பதிலா 16807. இப்போ 214 கோடி எண்கள், குலுக்கிப் போட்ட மாதிரி, ஒரு சுத்து முடியுற வரைக்கும் எதுவும் ரெண்டாவது தடவை வராது. 1988ல பார்க், மில்லர்னு ரெண்டு பேர் இதைக் குறைந்தபட்சத் தரமா வச்சுக்கலாம்னு பரிந்துரைச்சாங்க. சி பிளஸ் பிளஸ் லைப்ரரியில இன்னைக்கும் இருக்கு.

ஒண்ணு மட்டும்: ஓடிபி உருவாக்க இதைத் தொடாதீங்க. ஒரு எண் கையில கிடைச்சா போதும், 16807ஆல பெருக்கி அடுத்தது என்னன்னு யார் வேணும்னாலும் சொல்லிடலாம்.