சக்கரங்களின்மேல் ஒரு விடுமுறை

விடுமுறை என்றவுடன் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு ஊருக்கு இரயிலேறுவதே நினைவுக்கு வரும். பிரிட்டானிய மக்களுட் பலரோ வீட்டையே காரின் பின்னால் பூட்டிக்கொண்டு புறப்படுகின்றனர். அவ்வண்டிக்குக் கேரவன் என்று பெயர். திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் பெரிய ஊர்தியை இங்கு எண்ணிக்கொள்ள வேண்டா. படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் அடங்கிய ஒரு சிற்றறையே இது.

தொடக்கத்தில் இது செல்வர்களின் பொழுதுபோக்காகவே இருந்தது. 1885-ஆம் ஆண்டில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் கடற்படை மருத்துவர், இரு குதிரைகள் இழுத்த 'வாண்டரர்' என்னும் வண்டியில் தென் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்தின் இன்வர்னெஸ் நகர்வரை சென்றார். வண்டியோட்டியும் ஏவலாளும் உடன் சென்றனராம்! ஏவலாளோடு கூடிய நாடோடி வாழ்க்கை நமக்கு வேடிக்கையாகவே தோன்றுகிறது.

பின்னர்க் காரும் சம்பளத்தோடு கூடிய விடுப்பும் எளியோர்க்கும் கிட்டின. நகரத்தார் அனைவரும் ஒரே மலையையும் ஒரே ஏரிக்கரையையும் நாடினால், உழவனின் வயலும் ஆடு மேயும் புல்வெளியும் என்னாவது? வரவேண்டாமென்று ஏழை மக்களைத் தடுப்பதும் நேர்மையன்று. எனவே 1968-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நகரங்களுக்கு அண்மையிலேயே நாட்டுப்புறப் பூங்காக்களை அமைக்க இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் உள்ளாட்சி மன்றங்களுக்கு வழிசெய்தது.

அவ்வாறு முதலில் தோன்றியவற்றுள் ஒன்று, லிவர்பூலுக்கு அக்கரையிலுள்ள விரல் பூங்கா. அது ஓர் இரயில் பாதையின் மறுபிறவி எனலாம். 1956-இல் பயணிகள் வண்டியும் 1962-இல் சரக்கு வண்டியும் நின்றன. தண்டவாளங்கள் அகற்றப்பட்ட பாதை 1973-இல் பூங்காவாயிற்று. ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நடக்கலாம். வழியில் ஹேட்லோ ரோடு நிலையத்தை 1952-இல் இருந்த தோற்றத்திலேயே பேணி வருகின்றனர், வண்டிதான் வாராது! தர்ஸ்டஸ்டன் என்னுமிடத்தில் நின்றால் டீ ஆற்றின் அகன்ற முகத்துவாரமும், அப்பால் வேல்ஸ் மலைகளும் தெரியும். குளிர்காலத்தில் சேற்றுநிலமெங்கும் நீர்ப்பறவைகள் இரை தேடும். அருகிலேயே கேரவன்கள் தங்கும் திடலும் உண்டு.

திடல்களில் சில ஒழுங்குகள் உள்ளன. தீ பரவாதிருக்க, ஒரு வண்டிக்கும் மற்றொன்றுக்கும் 6 மீட்டர் இடைவெளி விடுவர். கழிவுநீரைப் புல்லில் கொட்டாமல், கலத்தில் ஏந்திச் சென்று அதற்குரிய தொட்டியில் ஊற்றுவர். பயணத்தின்போது கனமான பொருள்களை அச்சுக்கு நேராகத் தாழ வைப்பர். பின்புறம் பாரம் மிகுந்தால் ஓட்டத்தில் வண்டி வால்வீசி ஆடும்.

தர்ஸ்டஸ்டன் கரையோ களிமண்ணாலானது. மழையும் அலையும் அதனைச் சிறிது சிறிதாக அரித்து வருகின்றன. ஆதலின் காட்சி எவ்வளவு கவர்ந்தாலும் விளிம்பை விட்டு விலகி நிற்றலே தக்கது.